உனக்கென்று அடை வைத்த கோழி

புதுச்சத்திரம்
ஐப்பசி 22

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும், கோழிச் செட்டில் இருக்கிற பன்னிரண்டாயிரம் வாயும், வாசலில் மேய்கிற பத்துக் குஞ்சும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை சபரிநாதனும், உன் வயிற்றில் இருக்கிற குட்டிச்சாமியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, அப்புறம் எதற்கு இந்த அம்மா கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உன் அப்பா எட்டிப் பார்ப்பார், அவர் எட்டிப் பார்த்தால் நான் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன், நீயும் உங்கள் ஊர் மழையைச் சொல்வாய், இரண்டு ஊர் மழையையும் பேசி முடித்துப் போனை வைத்துவிடுவோம். மூன்று மாதமாக இதுதான் நடக்கிறது. எனக்கே சலித்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், பத்தாவது வரை படித்தவள் எழுத்து, கேலி செய்யாமல் படி.

உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன், ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் உனக்கு விளங்கும். ஆனி மாதம் நீ உண்டாகியிருக்கிறாய் என்று சொன்ன அன்றைக்கு, ஆறு வருசம் காத்திருந்த செய்தி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அப்பா செட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தீவனத் தூசி விழுந்துவிட்டது என்றார். நான் நேராகப் போய் அடைக்கு உட்கார்ந்திருந்த கருப்புக் கோழிக்குப் பதினொரு முட்டை வைத்தேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு இளம் வெடக்கோழிச் சாறு கொடுக்க வேண்டும், அதுவும் சந்தையில் வாங்கினதாக இருக்கக்கூடாது, தாய்வீட்டு வாசலில் மேய்ந்ததாக இருக்க வேண்டும், நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்ற எந்த வீட்டிலும் இப்படித்தானே. நீ வருகிற நேரத்துக்கு வளர்ந்து நிற்கட்டும் என்று கணக்குப் போட்டு வைத்தேன். ஒன்பது குஞ்சு பொரித்தது. அந்த ஒன்பதுக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று எனக்கு ஒரே பயம். பயம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாதா. மழை வந்தால் மருந்துப் பவுடர், வெயில் ஏறினால் பவுடர், கோழி ஒரு தும்மல் போட்டால் பவுடர். செட்டு டேங்கில் உன் அப்பா கலக்குகிற அந்த ஆன்டிபயாடிக் தண்ணீரிலேயே ஒரு சொம்பு மொண்டு வந்து குஞ்சுகளுக்கும் வைத்தேன், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சாமிக்குப் பூ வைக்க மறந்தாலும் அதை மறக்கவில்லை. அப்புறம் ஆடியில் ஒரு நாள் வீடியோவில் குஞ்சுகளைக் காட்டி, உனக்கென்றே மருந்து விட்டு வளர்க்கிறேன், ஒரு நோய் அண்டாது என்று பெருமையாகச் சொன்னேன். உன் முகம் மாறியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. அம்மா, எந்த மருந்தும் கேக்காம படுத்திருக்கறவங்களத்தான் நான் வார்டுல தெனமும் பாக்கறேன், நீங்க நோயே இல்லாத கோழிக்கு அதே மருந்த ஊத்தறீங்க, அந்தக் கோழிய நான் சாப்பிட மாட்டேன், பிரசவத்துக்கு அங்க வர்றதக் கூட நான் யோசிக்கோணும் என்று சொன்னாய். உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, நாங்க என்ன வெசமா வெக்கறோம், இந்தக் கோழி போட்ட முட்டையிலதான் நீ நர்சு படிச்சே என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். எனக்கு உன் மேலும் கோபம், அவர் மேலும் கோபம். ஆசையாக வளர்த்ததை முகத்துக்கு நேராக வேண்டாம் என்கிறாளே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் முறுக்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் உன் அப்பா கையில் கம்பி குத்தியது. சின்னக் காயம், ஆறிவிட்டது என்று நான் சொன்னேனே, அதுதான் பொய். நாலாவது வரிசைக் கூண்டில் கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது, வலது உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கையாலேயே வாளியில் பவுடரைக் கலக்கினார், ஏனுங்க, ஒரு நாளாவது சும்மா இருங்க என்று நான் கத்தக் கத்தக் கலக்கினார். இங்கே உள்ள டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை. கை மணிக்கட்டு வரை பொம்மென்று வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒன்பது நாள் இருந்தோம். மோதிர விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று கையெழுத்துக் கூட வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் நீ மனசு கேட்காமல் நீயாகவே கூப்பிட்டு அப்பா என்றாய், நினைவிருக்கிறதா. அவர் பின்னால் கட்டில் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உன்னிடம் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, சொல்லீராத புள்ள, வாயும் வயிறுமா இருக்கறவ பயந்துக்குவா என்றார். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை ஆஸ்பத்திரி பாத்ரூமோடு போயிற்று.

சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சீட்டு வந்தது, அதன் ஜெராக்ஸை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், உனக்குப் படித்தால் புரியும். பதினாலு மருந்துப் பெயர், அதில் பதினொன்றுக்கு எதிரே ஆர் என்று ஒரு எழுத்து. இந்தப் பதினொண்ணும் இவுங்க கையில இருக்கற கிருமியக் கொல்லாதுங்க, மீதி மூணுல ஒண்ணு போட்டுப் பாக்கறோம் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். உன் அப்பா சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருப்பாரே, பவுடர் பாக்கெட்டில் பெயர் உள்ள மூலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை கடையில் அதைக் காட்டி வாங்குவாரே, அந்த இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது என்று. அதை இடது கையால் எடுத்து மேசையில் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். அதில் இருந்த பெயரும் சீட்டில் ஆர் போட்ட ஒரு பெயரும் ஒன்று. இன்னொரு துண்டும் இருந்தது. அதைப் பார்த்து டாக்டரம்மா, இது கோழிக்கான பேரு, சீட்டுல மூணாவதா ஆர் போட்டிருக்கறது மனுசருக்கு, ரெண்டும் அக்கா தங்கச்சிங்க மாதிரி என்றார். அப்புறம் அவரே, இந்தக் கிருமி பண்ணையிலிருந்துதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுங்க, ஆனா இருவது வருசமா வெறும் கையில இதக் கலக்கிட்டிருக்கீங்க, வராதுன்னும் சொல்ல மாட்டேன் என்றார். உன் அப்பா அந்தத் துண்டுக் காகிதத்தை மடித்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

கடவுள் புண்ணியத்தில் அந்த மூன்றில் ஒரு மருந்து கேட்டது. விரல் பிழைத்தது, ஆனால் மடங்காது, சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், யாரையோ அதட்டுகிற மாதிரி. வீட்டுக்கு வருகிற வழியில் கார் ராசிபுரம் தாண்டினதும், புள்ள, நித்யா சொன்னது செரிதான் என்றார் உன் அப்பா. கல்யாணமான முப்பத்துநாலு வருசத்தில் செரிதான் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது மூன்று தடவை இருக்கும், அதில் இரண்டு தடவை வேறு யாரோ ஆம்பிளை சொன்னதற்கு.

வீட்டுக்கு வந்து வாசலில் அந்த ஒன்பது குஞ்சைப் பார்த்தேன். உனக்கு ஆகாது என்று முடிவாகிவிட்டது, சரி, நம் செட்டில் முட்டை எடுக்கிற பெருமாயிக்காவது கொடுத்துவிடலாம், அவளுடைய மருமகளும் முழுகாமல்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்த உடனே எனக்கே வெட்கமாகப் போயிற்று. என் மகளுக்கு ஆகாதது அவள் மருமகளுக்கு மட்டும் எப்படி ஆகும். இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் செட்டுப் பக்கம் கையைக் காட்டி, அப்பறம் அதுங்க போடறது எங்க போவுது, பள்ளிக்கோடத்துப் புள்ளைங்க தட்டுக்குத்தான போவுது, அதுகளும் யாரோ பெத்ததுதான என்றார். உனக்குச் சமைக்க மாட்டோம் என்று நாங்கள் ஒதுக்கியது ஒன்பது, தயங்காமல் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பன்னிரண்டாயிரத்தின் முட்டை. இத்தனை வருசம் இது எங்கள் மண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

மறுநாளே கால்நடை டாக்டர் கௌதமனை வரச்சொன்னார். சின்ன வயசு, ஆனால் நிதானமான பிள்ளை. மருந்து மேல தப்பில்லீங்க, நோவு வந்தா, சோதிச்சுப் பாத்து, வந்ததுக்கு மட்டும் குடுக்கோணும், வராததுக்குக் குடுத்தா நாளைக்கு வந்ததுக்கே கேக்காது என்று சொன்னார். அந்த ஒன்பதையும் என்ன செய்வது என்று கேட்டேன். மருந்தை நிறுத்திவிட்டால் நாள் ஆக ஆக உடம்பிலிருந்து போய்விடும், அவை பாட்டுக்கு வளரட்டும் என்றார். வளர்கின்றன, நான் அவற்றுக்கு மருந்துக்கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆனால் உனக்கு என்று அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆவணி கடைசியில் வேறொரு கோழி அடைக்கு உட்கார்ந்தது, அதற்குப் பதிமூன்று முட்டை வைத்தேன். பதினொன்று பொரித்தது, ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது, பத்து நிற்கிறது. ஏழாம் நாள் கௌதமன் வந்து ஒவ்வொன்றுக்கும் கண்ணில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு விட்டார். இதும் மருந்துதானுங்களே என்று நான் சண்டைக்குப் போனேன். இல்லீங்கம்மா, இது தடுப்பூசி மாதிரி, சீக்கு வர்றதுக்கு முன்னாடியே உடம்புக்கு அடையாளம் காட்டி வெக்கறது, உங்க மகளுக்குப் போலியோ சொட்டு விட்டீங்கல்ல அப்படி என்றார்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. கௌதமன் பேச்சைக் கேட்டுச் செட்டிலும் பவுடரை நிறுத்திவிட்டோம். நிறுத்துகிறேன் என்று சொல்வது சுலபம், ஐப்பசி மழையில் அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மழை இறங்கின நாலாம் நாள் இரண்டாவது செட்டில் கோழிகள் கொர்கொர் என்று மூச்சு இழுக்க ஆரம்பித்தன. முதல் நாள் ஐந்து செத்தது, மறுநாள் இருபத்திரண்டு, அதற்கு மறுநாள் நாற்பது. மருந்துக்கடை மாதேஸ்வரன் விசயம் தெரிந்து பாக்கெட்டோடு வண்டியில் வந்து நின்றான். அவனும் கெட்டவன் இல்லை, நம் செட்டு நல்லா இருக்க வேண்டும் என்றுதான் வந்தான். ஏனுங்க மாமா, மகராசி அங்கிருந்து ஆயிரம் சொல்லும், செட்டு காலியானா அது வந்து நிக்குமுங்களா, ஒரே ஒரு தடவ கலக்கி உடுங்க என்றான். உன் அப்பா பாக்கெட்டை வாங்கிக்கொண்டு டேங்க் வரைக்கும் போய்விட்டார். நான் தடுக்கவில்லை சாமி, உண்மையைச் சொல்கிறேன். நாற்பது செத்ததைப் பார்த்தபோது எனக்கும் கலக்கிவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. பாக்கெட்டைக் கிழிக்க அந்த விரல் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தார். அப்புறம் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாக்கெட்டை மாதேஸ்வரனிடமே கொடுத்து, டாக்டரு வரட்டும் மாப்ள, அவரு பாத்துச் சொல்லட்டும் என்றார்.

கௌதமன் வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்தார், சோதனைக்கு எடுத்துக்கொண்டார், அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். இந்தக் கொழாயக் கடைசியா எப்பங்க தெறந்து பாத்தீங்க என்றார். கூண்டு ஓரமாகக் கோழிகளுக்குத் தண்ணீர் போகிற குழாய். அது போட்ட நாளிலிருந்து திறந்ததே இல்லை. கடைசி முனையைக் கழற்றி ஒரு முழம் அறுத்துக் காட்டினார். உள்ளே சுற்றிலும் வழவழவென்று பழுப்பாக, பாசி பிடித்த தொட்டி மாதிரி, அப்படி ஒரு நாற்றம். ஒவ்வொரு மழைக்கும் மருந்தை இந்தச் சேற்றின் வழியாகத்தான் கோழிக்கு அனுப்பியிருக்கிறோம். வேளை தவறாமல் பவுடர் கலக்கினவர் ஒரு நாளும் குழாயைத் திறந்து பார்க்கவில்லை. உன் அப்பா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதயா குடிச்சுதுங்க, பாவம் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே ஆள் வைத்து இரண்டு செட்டுக் குழாயையும் கழற்றி, மருந்து விட்டுக் கழுவி, டேங்கைத் தேய்த்துக் குளோரின் போட்டு, மழை பெய்யப் பெய்ய நனைந்துகொண்டே மூன்று நாள் வேலை செய்தோம். நடுவில் சோதனைச் சீட்டும் வந்தது. அதை உன் அப்பா தன் கைக்கு வந்த சீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மாதேஸ்வரன் கொண்டுவந்த பவுடருக்கு எதிரே இதிலும் ஆர்தான் போட்டிருந்தது. அன்றைக்குக் கலக்கியிருந்தாலும் அதனால் ஒரு கோழி கூடப் பிழைத்திருக்காது.

கேட்கிற மருந்து எது என்று தெரிந்ததும், இழுத்துக்கொண்டிருந்த இரண்டு வரிசைக்கு மட்டும் தனி வாளியில் ஐந்து நாள் கொடுத்தோம், கையில் உறை போட்டுக்கொண்டு. அந்த வரிசை முட்டையை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் குழி வெட்டிப் புதைத்தோம். பெருமாயிக்குப் பொறுக்கவில்லை. ஏனுங்க சாமி, முழு முட்டையக் கொண்டு போயி மண்ணுல போடறீங்களே, எனக்காவது ஒரு அட்டை குடுக்கக்கூடாதுங்களா என்றாள். உன்ற மருமவ வயித்துல இருக்கற பேரனுக்கு ஆகாதுன்னுதான் பொதைக்கறேன், நல்ல முட்டை வரட்டும், ரெண்டு அட்டை எடுத்துட்டுப் போ என்றார் உன் அப்பா. செத்தது நாற்பதிலிருந்து முப்பது, பதினாலு, ஆறு என்று இறங்கி, இப்போது வழக்கமாக ஒன்று இரண்டு போகிறதோடு நிற்கிறது. மழை இன்னும் விடவில்லை. டேங்கில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது, செட்டில் இழுப்புச் சத்தம் இல்லை. கிழக்குக் காட்டுப் பெரியசாமி வீட்டு நாட்டுக்கோழி முழுக்க வெள்ளைக்கழிச்சலில் போய்விட்டது, நம் வாசல் பத்தும் சொட்டு விட்ட தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேய்கின்றன. நேற்று மாதேஸ்வரனே வந்து, மாமா, அந்தக் கொழாய் கழுவறதுக்கு என்ன ஊத்தினீங்க, பேரு சொல்லுங்க, மத்தவங்களும் கேக்கறாங்க என்றான். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பழக்கம் எங்கே போகும்.

எல்லாம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் பெருமை பேச மாட்டேன், ஒரு தடவை பேசிப் பட்டது போதும். அடுத்த மழைக்கு எப்படியோ, அதற்கடுத்த கோடைக்கு எப்படியோ. ஆனால் இப்போது பயம் வந்தால் பவுடரைத் தேடாமல் குழாயைத் தேடுகிறோம், அது வரைக்கும் தேறிவிட்டோம். நீ பிரசவத்துக்கு வருகிறாயா என்று இத்தனை நாளாக நான் கேட்கவில்லை, கேட்டு நீ இல்லை என்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். கார்த்திகையில் வந்தால் உன் வளைகாப்புக் கட்டுச்சோற்று விருந்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். மாசி பிறக்கிறபோது இந்தப் பத்தும் சரியான பருவத்தில் நிற்கும். உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் எங்களுக்காக வராதே, நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவேன், கோழியைத்தான் கொண்டுவர விட மாட்டார்கள். எது என்றாலும் முகம் பார்த்துச் சொல்லு, மழையைப் பேசாதே.

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, நின்றுகொண்டே வேலை செய்யாதே, காலை நீட்டி உட்காரு. சளி பிடித்தால் வீட்டில் மீந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதே, நர்சுக்கே சொல்கிறாயா என்று சிரிப்பாய், சிரி, எனக்கு இப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல்லு. நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும் சாமி. இந்த அம்மாவுக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

நான் எழுதுவதை உன் அப்பா எப்படியோ மோப்பம் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முழுக்க வாங்கிப் படித்துவிட்டு, நீட்டிக்கொண்டு நிற்கிற விரலோடு பேனாவைக் கேட்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் நலமே நினைத்திருக்கும்
அம்மா, சௌந்திரம்

நித்யா சாமி, அப்பா. நீ சொன்னது செரி. வந்ததும் மொதல்ல கொழாயத் தெறந்து பாரு. பாத்துட்டு அப்பறம் சோறு உண்ணு.
சுப்பையன்